விளக்கெண்ணெய் குடித்த கருடன்

“இந்த உலகத்தில் இதுவரை எந்தக் குற்றமும் வானத்தில் நடந்ததில்லை” என்றார் துளசிங்கம். “ஆகவே துப்பறிகிறவன் அண்ணாந்து பார்க்கவே கூடாது. இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் நான் தரையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. பாரத தேசத்திலேயே அப்படிப்பட்ட துப்பறிவாளன் நான் ஒருவன்தான்.”

“அதான் சார், கூரை ஒழுகுறது உங்களுக்கு இன்னும் தெரியல” என்றான் ஆனந்தன், மேஜைமேல் நிரம்பிவிட்ட பக்கெட்டைக் கையில் எடுத்தபடி.

திங்கட்கிழமை பெய்த மழை வியாழக்கிழமை காலையிலும் அந்த அறைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. திருத்தணி பஜாரில், மொட்டைத் தலைக்குச் சந்தனம் விற்கிற கடையின் மாடி அது. ‘துளசிங்கம், தனியார் துப்பறிவாளர். தொலைந்தவை மீட்கப்படும்’ என்று வெளியே பலகை தொங்கியது. இதுவரை மீட்கப்பட்டவை ஒரு சைக்கிள் பம்ப்பும் ஓர் ஆடும். ஆடு தானாகவே வந்தது. காலையில் முடியோடு மலையேறுகிறவர்கள் மத்தியானம் மொட்டையோடு இறங்குகிற ஊரில், அடையாளம் கண்டுபிடிப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். துளசிங்கத்திடம் இருந்தது அது ஒன்றுதான் என்பது ஆனந்தனின் கணிப்பு. காலேஜை முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கிறவரை என்று அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன் அவன். வேறு வேலையும் அவனைத் தேடி அலைந்ததாகத் தெரியவில்லை.

துளசிங்கத்துக்குப் பெருமை பேசும்போது மட்டும் புத்தகத் தமிழ் வரும். பயம் வந்தால் ஊர்த் தமிழ் திரும்பிவிடும்.

“அங்கே பார்” என்று ஜன்னலைக் காட்டினார். கீழே தெருவில், டிபன் கேரியரோடு ஆபீஸுக்கு ஓடுகிற ஒருவர் நின்று, மலைக்கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே தன்னைத்தானே மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மலையேற நேரமில்லாதவர்கள் முருகனோடு வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது.

“ஏற முட்டியில் பலமில்லாதவன் கீழே நின்று தன்னையே சுற்றிக்கொள்கிறான். பம்பரத்துக்குக் கிடைக்காத புண்ணியம் இவனுக்கு எப்படிக் கிடைக்கும்? தலை சுற்றுவதைத் தவிர வேறு பலன் உண்டா? நான் இதைச் செய்தால் என் பெயரை மாற்றிக் கூப்பிடு.”

“என்னா பேர் வெக்கலாம் சார்?”

பதில் வருவதற்குள் படியேறி ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு முழு எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. கண்களில் தண்ணீர் நின்றது. பொதட்டூர்பேட்டையில் தறிகளும் திருத்தணியில் லுங்கி மொத்தக் கடையும் வைத்திருக்கிற ராஜமாணிக்கம் என்று ஆனந்தனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

“நகச்சுத்திங்க” என்று எலுமிச்சம்பழத்தை உயர்த்திக் காட்டினார் ராஜமாணிக்கம். “அத்த விடுங்க. என் விமானம் காணாம பூடுச்சி சார்.”

துளசிங்கம் நாற்காலியில் நிமிர்ந்தார். “விமானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?”

“யாரும் இல்லீங்க. நாலடி நீளம்தான் மொத்தமே. ரேடியோவுல ஓட்றது. பந்தய விமானம். என் பாவா, அக்கா வூட்டுக்காரரு, சிங்கப்பூர்லருந்து பொட்டியில அட்டை அட்டையா கொணாந்தாரு. நம்ம கட்டடத்துல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிகினு இருக்கான் சிங்காரம், அவன்தான் ஒட்டி, வெட்டி, வேகம் ஏத்தி ரெடி பண்ணான். மெட்ராஸ்ல அடுத்த மாசம் போட்டி. என் பேர்ல பதிஞ்சிருக்குது. செவ்வாக்கெழம காலைல பாத்தா கடையில விமானம் இல்ல. பூட்டு ஒடையல. சாவி சிங்காரத்துகிட்டதான் இருக்குது. இன்னும் இன்னா சார் வேணும்?”

“போலீஸ்?” என்றான் ஆனந்தன்.

“வேணாம்பா. ரேடியோ சாமானுக்கு லைசென்ஸ் கேப்பாங்க. நான் சொல்லிட்டேன். நாளைக்கு வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கறதுக்குள்ள விமானம் வரணும். வரலன்னா அவன் சாமானத் தூக்கிகினு கடையக் காலி பண்ணணும். திருடன்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டுத்தான் அனுப்புவேன்.” சொல்லும்போதே இரண்டு சொட்டுக் கண்ணீர் வழிந்தது.

“அழாதீர்கள்” என்றார் துளசிங்கம். “வளர்ந்த ஆண்பிள்ளை பொம்மைக்காக அழுவதை முதன்முதலாகப் பார்க்கிறேன்.”

“ஆங்... துக்கம் சார்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜமாணிக்கம் இறங்கிப் போனார்.

*

சிங்காரத்தின் கடையில் வயிறு திறந்து கிடந்த ரேடியோக்களுக்கு நடுவே, உத்தரத்தில் இரண்டு வெற்றுக் கொக்கிகள் தொங்கின. விமானம் தொங்கிய இடம். சிங்காரம் அந்தக் கொக்கிகளைப் பார்த்துப் பேசினானே தவிர, வந்தவர்களைப் பார்த்துப் பேசவில்லை. மெலிந்த இளைஞன். பொதட்டூர்பேட்டை நெசவு வீட்டுப் பிள்ளை.

“தறியில ஒக்காரமாட்டேன், ரேடியோதான்னு சண்ட போட்டுகினு வந்தேன் சார். நாளைக்குத் திருடன்னு பட்டத்தோட போயி நைனா முன்னாடி எப்டி நிப்பேன்?”

“அதை அப்புறம் பார்ப்போம். காணாமல் போன பொம்மையின் அங்க அடையாளம் சொல்.”

பொம்மை என்ற சொல் சிங்காரத்தை எழுப்பிவிட்டது.

“பொம்மையா சார்? பொட்டியில வந்தப்ப வேணா அது பொம்ம. பால்சா கட்டை, பேப்பர் மாதிரி எடை. கோடு போட்டிருப்பான், பிளேடால வெட்டி ஒட்டணும். எறக்கை ரொம்ப நீளம். நின்னு நிதானமா மெதக்கும், ஆனா ஓடாது. ரெண்டு பக்கமும் ஒரு சாண் வெட்டி எறிஞ்சேன். மேல ஒட்ட ஒரு பேப்பர் குடுத்திருந்தான், அத்தயும் எறிஞ்சேன். எங்க ஊரு பட்டுத் துணிய இழுத்து ஒட்டி, மரச்சாமானுக்கு அடிக்கிற வார்னிஷ அடிச்சா காஞ்சி இறுகிடும். தட்னா மேளம் மாதிரி சத்தம் வரும். எஞ்சின் மூடி எங்கம்மா தூக்குச்சட்டியோட மூடி, ராவி ராவி மூக்கு மாதிரி பண்ணேன்.”

“உங்கம்மா சாம்பார எதுல எடுத்துகினு போறாங்க இப்போ?” என்றான் ஆனந்தன்.

“அது தெரிஞ்ச அன்னிக்கி அது ஒரு தனிக் கேசு சார்.”

“நிறம்?” என்றார் துளசிங்கம்.

“கடையில மிச்சமிருந்த வார்னிஷ் செம்பழுப்புதான். உடம்பெல்லாம் அது. முன்பக்கம் மட்டும் வெள்ளை பெயிண்ட்.”

“உணவு?”

“பெட்ரோல் இல்ல சார். மெத்தனால்ல விளக்கெண்ணெய் கலந்து ஊத்தணும். பறக்கும்போது பின்னாடி எண்ணெயாத் துப்பும்.” சிங்காரம் வலது ஆள்காட்டி விரலை நீட்டினான். குறுக்கே வெள்ளைத் தழும்பு. “முன்னாடி இருக்கிற விசிறிய வெரலால சுண்டித்தான் எஞ்சின ஸ்டார்ட் பண்ணணும். மொதல் தடவ சுண்டறவன கடிக்காம விடாது. அது மரியாத.”

அலமாரியில் விமானத்தை ஓட்டுகிற ரேடியோ பெட்டி அப்படியே இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள வார், நடுவில் இரண்டு சின்னக் குச்சிகள், தலையில் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிய வெள்ளி ஏரியல். மாட்டைத் திருடியவன் மூக்கணாங்கயிற்றை மடித்து வைத்துவிட்டுப் போனது போல.

ஆனந்தன் பெட்டியைத் திருப்பினான். “இந்த முள் எதுக்குப்பா?”

“பேட்டரி காட்றது. திங்கக்கெழம சாயங்காலம்தான் முழுசா சார்ஜ்...” சிங்காரம் பெட்டியைப் பிடுங்கினான். முள் அடிமட்டத்தில் செத்துக் கிடந்தது. பக்கத்தில் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. “நான் போடல சார். அந்தப் பெட்டிய நான் தொடவே இல்ல!”

துளசிங்கம் கண்களை மூடித் திறந்தார். “புரிந்துவிட்டது. திருடனின் நோக்கம் விமானமல்ல. மின்சாரம்.”

“ஆமா சார்” என்றான் ஆனந்தன் பணிவாக. “சட்டைப் பையில ஊத்திகினு போயிருப்பான். இல்லன்னா, யாரோ விமானத்த எடுத்துகினு போயி பறக்கவிட்டு, பெட்டிய மட்டும் பதட்டத்துல ஸ்விட்ச்ச அணைக்காம கொணாந்து வெச்சிருப்பான். உங்க யோசனைதான் பெட்டர். இருந்தாலும் எங்க பறக்கவிடுவாங்கன்னு கேட்டு வெக்கலாமே?”

“கே.ஜி.கண்டிகை ஏரி” என்றான் சிங்காரம். “வத்திப்போன பக்கம் மைதானம் மாதிரி இருக்கும்.”

*

ஏரியின் வற்றிய பக்கத்தில், திங்கட்கிழமை மழையில் சேறாகி, வெயிலில் இறுகிப்போன தரை. அதன் நடுவில் செங்கற்களை வட்டமாக அடுக்கி, மஞ்சள் குங்குமம் தெளித்திருந்தது. உள்ளே ஒரு கல்லின்மேல் அகல்விளக்கு. துளசிங்கம் தரையைப் பார்த்தபடி நேராக வட்டத்துக்குள் நடந்தார்.

“யோவ்! செருப்பக் கழட்டுய்யா!”

கரையோரத்து வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து களைக்கொட்டும் கையுமாக ஒரு பெண் ஓடிவந்தாள். கொல்லைக்குச் சொந்தக்காரி, பெயர் பாஞ்சாலி. “கண்ணு தெரில? சாமி பாதம் பதிஞ்ச எடம்!”

உண்மையிலேயே பாதங்கள் பதிந்திருந்தன. ஒரே இடத்தில், சுற்றிச் சுற்றி, வட்டம் வட்டமாக, செருப்பில்லாத பெரிய பாதங்கள். சேற்றில் பதிந்தவை சிமெண்டு போல் இறுகியிருந்தன. எந்தப் போலீஸும் இத்தனை பத்திரமாகத் தடயத்தைக் காத்ததில்லை. மஞ்சள் வேறு தெளித்திருந்தது.

“நான் செருப்பைக் கழற்றுவதில்லை. தொழில் தர்மம்” என்றார் துளசிங்கம். ஆனால் களைக்கொட்டைப் பார்த்துவிட்டு வட்டத்துக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்.

“எந்த சாமிம்மா?” என்று கேட்டான் ஆனந்தன், தன் செருப்பைக் கழற்றிவிட்டு.

அவனிடம் மட்டும் சொன்னாள் பாஞ்சாலி.

“செவ்வாக்கெழம, நைனா. முருகனுக்கு உகந்த நாளு. காலைல கொல்லையில தேங்கின மழத்தண்ணிய எறைச்சிகினு இருந்தேன். ஆயில் எஞ்சின் போட்டா பக்கத்துல இடி விழுந்தாக்கூட கேக்காது. நிமிந்து பாக்கறேன், அந்த எடத்துல ஒரு பெரிய மனுஷர் நிக்கறாரு. தலையில துண்டு. நெஞ்சுக்கு நேரா ரெண்டு கையாலயும் எதையோ புடிச்சிகினு இருக்காரு. அதுலருந்து வெள்ளியில ஒரு வேல் மேல நீட்டிகினு மின்னுது. அண்ணாந்து மலையத் தாண்டி ஆகாசத்தப் பாத்துகினே தன்னைத்தானே சுத்தறாரு. மூணு சுத்து நாலு சுத்து இல்ல நைனா, நிறுத்தவே இல்ல! நானும் எத்தினியோ பேர் சுத்தறதப் பாத்திருக்கேன், இப்டி ஒரு பக்திய பாத்ததில்ல.”

“இவனுக்குப் பம்பரமே பரவாயில்லை” என்றார் துளசிங்கம் வட்டத்துக்கு வெளியிலிருந்து.

“அதவிட, அவரு தலைக்கு மேல கருடன் நைனா! செவப்பு ஒடம்பு, வெள்ளைக் கழுத்து. அவரு சுத்தச் சுத்த அதுவும் வட்டம் போடுது. கும்பாபிஷேகத்துக்குக்கூட ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடும். எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போயி, கையக் கூப்பிகினு அவர்கிட்ட ஓடனேன்.”

“அப்புறம்?”

“அவரு என்னப் பாத்தாரு. பாத்ததும் அந்த வேல அப்டியே நெஞ்சுக்குள்ள அழுத்தினாரு. சரசரன்னு உள்ள போயிடுச்சி நைனா! முழு வேலும்! அந்த க்ஷணமே கருடன் வட்டத்த விட்டுட்டு நேரா கெளம்பிடுச்சி. அவரு ‘ஐயோ முருகா, முருகா’ன்னு அழுதுகினே பின்னாடி ஓடனாரு. நான் அப்டியே தரையில விழுந்து கும்பிட்டேன். எழுந்து பாத்தா ஆளு இல்ல. ஆனா இந்தக் கல்லு பாரு, அன்னிலேருந்து எண்ணெ கசியுது.”

ஆனந்தன் முட்டி போட்டு அந்தக் கல்லை முகர்ந்தான். விளக்கெண்ணெய்.

அவன் எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. மடங்கி உள்ளே போகிற வேல் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சற்று முன் ஒரு ரேடியோ கடை அலமாரியில் அவன் பார்த்திருந்தான்.

“தெளிவாகிவிட்டது” என்றார் துளசிங்கம். “அந்த பக்தன் இங்கேயே நின்றிருக்கிறான். திருடனைக் கட்டாயம் பார்த்திருப்பான். பக்தனைப் பிடித்தால் திருடன் கிடைப்பான்.”

“ரொம்பப் பக்கத்துல வந்துட்டீங்க சார்” என்றான் ஆனந்தன். “இன்னும் கொஞ்சம் நகர்ந்தா இடிச்சுக்குவீங்க.”

பஸ் நிறுத்தத்தில் இருவரும் உப்பு சோடா குடித்தார்கள். ஆனந்தன் தன் சோடாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். கொல்லை வேலியில் முள் கீறிய விரலில் சாறு பட்டதும் சுரீரென்று எரிந்து, கண்ணில் நீர் முட்டியது.

“துக்கமா?” என்றார் துளசிங்கம்.

“ஆங்... துக்கம் சார்” என்ற ஆனந்தன், சொல்லிவிட்டு அப்படியே நின்றான். அந்தப் பதிலை அவன் அன்று காலை வேறொருவர் வாயில் கேட்டிருந்தான். பஸ் வந்தது. துளசிங்கம் ஏறினார். அவன் ஏறவில்லை.

“நீங்க போங்க சார். நான் அந்தம்மாவ நாளைக்குக் கூட்டிகினு வர ஏற்பாடு பண்ணிட்டு வரேன்.”

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் ஒரு கைவண்டி நின்றது. அதில் சிங்காரத்தின் ரேடியோக்கள், சால்டரிங் கம்பி, கடைப் பலகை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அதன் பக்கத்தில் சிங்காரம் தலை குனிந்து நின்றான். தெருவே வேடிக்கை பார்த்தது. கூடத்தில் ராஜமாணிக்கம், புதிய எலுமிச்சம்பழத்தோடு. அவர் மனைவி ஜெயம்மாள் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டு கதவோரம் இருந்தாள்.

“குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிட்டேன்” என்று ஆரம்பித்தார் துளசிங்கம். ராஜமாணிக்கத்தின் முகத்தில் கலவரம் ஓடியது. “அவன் ஓர் ஆந்திராக்காரன்!”

ராஜமாணிக்கத்தின் முகம் தெளிந்தது. “எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?”

“இந்தப் பக்கத்து ஆட்களையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். யாருமில்லை. மிச்சமிருப்பது அந்தப் பக்கம்தான்.”

“ஒரு மாநிலத்தையே சந்தேகப்பட நம்ம சாராலதான் முடியும்” என்றான் ஆனந்தன். “அவங்க எல்லாரையும் விசாரிக்கறதுக்கு முன்னாடி, இந்த ஊர்ச் சாட்சி ஒண்ணு வெளிய நிக்குது. உள்ள வரட்டுங்களா?”

பாஞ்சாலி தேங்காய் பழத் தட்டோடு உள்ளே வந்தாள். ஏரியில் சுற்றிய பெரியவரைப் பற்றி இங்கே இருக்கிறவர்களிடம் ஒரு தடவை சொல்லவேண்டும் என்றுதான் ஆனந்தன் அவளை அழைத்திருந்தான். கூடத்தைச் சுற்றிப் பார்த்தவள் ராஜமாணிக்கத்தைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்தாள். அடுத்த விநாடி அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

“சாமீ! இங்கியா இருக்கீங்க! உங்க பாதத்துக்குச் செங்கல் கட்டி வெச்சிருக்கேன் சாமி! தெனமும் வெளக்கு வெக்கறேன்!”

குற்றவாளியைச் சாட்சி அடையாளம் காட்டிய விதங்களில் இது புதிது.

“யாரு, இவரா?” என்றாள் ஜெயம்மாள். “கிருத்திகைக்கு மலைக்குக் கூப்ட்டா முட்டி வலிக்குதுன்னு படுத்துக்கற மனுஷர்மா இவரு!”

“அதான் கீழயே சுத்தினாரு போல” என்றான் ஆனந்தன். “அம்மா, சாமி வேல என்ன பண்ணாரு, இவங்களுக்கும் சொல்லுங்க.”

பாஞ்சாலி எழுந்து, நெஞ்சில் கையை வைத்து அழுத்திக் காட்டினாள். “இப்டி! சரசரன்னு உள்ள போச்சி. கருடனும் போயிடுச்சி.”

வாசலிலிருந்து ஓர் அலறல் கேட்டது. சிங்காரம் கைவண்டியை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்து வந்தான்.

“மொதலாளி! விமானம் மேல இருக்கும்போது ஏரியல உள்ள தள்ளுனீங்களா? ஏரியல் இல்லன்னா பெட்டி பேசறது அதுக்கு எப்டிக் கேக்கும்? கண்ணக் கட்டி வுட்ட மாதிரி ஆயிடுமே! யாராச்சும் செய்வாங்களா?” திருடன் என்று சொன்னதற்குக்கூட அவன் இத்தனை துடிக்கவில்லை.

“என்னடா ஒளர்றீங்க எல்லாரும்? நான் ஏன் அங்க போறேன்?”

ஆனந்தன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழம் குளுகுளுன்னு இருக்கும் சார். எங்க வீட்ல எல்லாருக்கும் வந்திருக்குது, யாரும் அழுதது கெடையாது. வெட்டுக்காயத்துல வெச்சாதான் கண்ணுல தண்ணி வரும். எப்போ வந்திச்சி உங்களுக்கு?”

“செவ்வாக்கெழம” என்றாள் ஜெயம்மாள். “என்னக்கூட பாக்க வுடல.” அவளே எழுந்து வந்து கணவரின் விரலிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கினாள். விரலின் குறுக்கே, நகத்துக்கும் நகச்சுத்திக்கும் சம்பந்தமில்லாத இடத்தில், ஒரு நீள வெட்டு. சிங்காரம் தன் விரலை அதன் பக்கத்தில் நீட்டினான். இரண்டும் ஒரே இடம், ஒரே சாய்வு. அண்ணன் தம்பி போல இருந்தன.

ராஜமாணிக்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போட்டி என் பேர்ல. மைக்குல என் பேரச் சொல்லுவாங்க. ஆனா ஓட்றது இவன். ஊர்ல ஒருத்தன் கேட்டான், விமானம் உன்னுதா, இல்ல நீதான் விமானத்துக்குச் சொந்தமான்னு. ஒரே ஒரு தடவ நானே ஓட்டிப் பாத்துடலாம்னு ரெண்டாவது சாவி போட்டு எடுத்துகினு போனேன். நல்லாத்தான் சுத்திகினு இருந்திச்சி. நானும் சுத்திகினு இருந்தேன். திடீர்னு இந்தம்மா கையக் கூப்பிகினு ஓடியாறாங்க. லைசென்ஸ் இல்லாத சாமானாச்சே, யாராச்சும் பாத்தா வம்புன்னு ஏரியல மறைச்சேன். அவ்ளோதான், பூடுச்சி.”

“அதுக்கு இந்தப் பையன் தலையில பழியா?” என்றாள் ஜெயம்மாள்.

அவர் வெட்டுப்பட்ட விரலை மேல்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

“ஒரு நிமிஷம்” என்றார் துளசிங்கம். அவர் குரலில் புத்தகத் தமிழ் கொஞ்சம் ஆடியது. “குற்றவாளி நீங்களேயானால், என்னிடம் எதற்காக வந்தீர்கள்?”

ராஜமாணிக்கம் சங்கடத்தோடு நெளிந்தார். “தேடற மாதிரியும் இருக்கணும், கெடைக்கவும் கூடாது. அதுக்கு யாருகிட்ட போலாம்னு பஜார்ல கேட்டேன் சார். அத்தினி பேரும் உங்க மாடிப்படியத்தான் காட்னாங்க.”

ஆனந்தனிடம் இதற்கு நல்ல பதில்கள் நாலைந்து இருந்தன. எதையும் சொல்லவில்லை. துளசிங்கம் மெதுவாக முகத்தை உயர்த்தி, உத்தரத்தைப் பார்த்தார். அவனுக்குத் தெரிந்து அவர் அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜெயம்மாள் கணவரின் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை உருவினாள். ரேடியோ கடையின் இரண்டாவது சாவியைக் கழற்றிச் சிங்காரத்தின் கையில் வைத்தாள். “ரெண்டு சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும்பா. மைக்குல உன் பேரையே சொல்லட்டும். யோவ், வண்டிய கடைக்கே திருப்பு!” கடைசி வாக்கியம் கைவண்டிக்காரனுக்கு. தெரு முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

சிங்காரம் இரண்டு சாவியையும் மூடிப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் முகம் மலரவில்லை. “பேர் சொல்றதுக்கு விமானம் வேணுமே அம்மா. எங்க போயி விழுந்துச்சோ.”

“எது, கருடனா?” என்றாள் பாஞ்சாலி. “கரைமேட்டுப் பனைமரத்துல ஒக்காந்துகினு இருக்குது. எறங்கவே மாட்டேங்குது. மரத்துக்கு மஞ்சத்துணி கட்டி வெச்சிருக்கேன்.”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏம்மா, இத நேத்தே சொல்லக் கூடாதா?” என்றான் ஆனந்தன்.

“இந்த நைனா என்னா கேட்டாரு? சாமியத்தான கேட்டாரு” என்றாள் பாஞ்சாலி, ஆனந்தனைக் காட்டி. பிறகு துளசிங்கத்தின் பக்கம் கையை நீட்டினாள். “இவரும் பக்கத்துலதான் நின்னாரு. கொஞ்சம் நிமிந்து பாத்திருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்கும்.”

*

அடுத்த வாரம் ஒரு காலை, ஏரியில் வெள்ளோட்டம். பனைமட்டை கிழித்த இறக்கைக்குச் சிங்காரம் புதுப் பட்டு ஒட்டி, வார்னிஷ் அடித்து, தட்டிப் பார்த்தான். மேளம் போலவே ஒலித்தது. எண்ணெய் டின்னை ராஜமாணிக்கம் தூக்கிக்கொண்டு வந்தார். வேறெதையும் தொட அவருக்கு ஜெயம்மாளின் அனுமதி இல்லை. செங்கல் வட்டத்தைப் பாஞ்சாலி அகற்ற மறுத்துவிட்டாள். பாதம் யாருடையதாக இருந்தால் என்ன, கும்பிட்டது வீண் போகாது என்பது அவள் கட்சி.

விமானம் வீறிட்டுக்கொண்டு கிளம்பியது. தலைக்குமேல் ஒரு பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போய், கரைமேட்டுக்குமேல் சாய்ந்து திரும்பி, வெயிலில் வெள்ளை மூக்கு பளிச்சிட வந்தது. ஆனந்தன் வாய் மூடாமல் பார்த்தான். துளசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் விமானத்தின் நிழல் ஓடியது. அதைப் பார்ப்பது கொள்கைக்கு விரோதமில்லை.

“பொம்மைதானே” என்றார், யாரும் கேட்காமலே. “டேய் ஆனந்தா, போயி டீ வாங்கிகினு வாடா.”

ஊர்த் தமிழ் வந்துவிட்டதை ஆனந்தன் கவனித்தான். சிங்காரம் கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். சட்டிக்கு மூடி இல்லை. அது ஆகாயத்தில் இருந்தது.

டீயோடு கரைமேல் ஏறியவன் அங்கேயே நின்றுவிட்டான்.

செங்கல் வட்டத்தின் நடுவே துளசிங்கம் நின்றிருந்தார். கழுத்தில் வார், நெஞ்சில் பெட்டி, அதிலிருந்து நீண்ட ஏரியல் வெயிலில் மின்னியது. சிங்காரம் ஒரு பக்கம் கையைத் தயாராக நீட்டிக்கொண்டு நின்றான். முகம் ஆகாயத்தைப் பார்த்திருக்க, துளசிங்கம் தன்னைத்தானே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். விமானம் தாழும்போதெல்லாம் அவர் உதடுகள் ஒரே பெயரை முணுமுணுத்தன. பாஞ்சாலி ஓரமாக நின்று கற்பூரம் ஏற்றினாள்.

வட்டத்துக்கு வெளியே, தொழில் தர்மத்தின் காரணமாக எங்கும் கழற்றப்படாத ஒரு ஜோடிச் செருப்பு அருகருகே ஒழுங்காக விடப்பட்டிருந்தது.